பூட்டிக் கிடந்த ஓட்டு வீடு: அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழி

மன்னார்குடிப் பக்கம் எங்கள் அத்தை வாழ்ந்த வீடு ஆறு வருஷம் பூட்டிக் கிடந்தது. சுண்ணாம்புக் காரையில் எழுப்பிய சுவர், நடுவில் முற்றம், சுற்றிலும் சீமை ஓடு, தெருப் பக்க அறைக்கு மட்டும் மெட்ராஸ் டெரஸ் என்ற மரக்கட்டையும் செங்கல்லும் சேர்ந்த தட்டைத் தளம். 2018 நவம்பரில் கஜா புயல் ஓடுகளைக் கலைத்துவிட்டுப் போனபோது, யாரோ மேலே ஒரு தார்ப்பாயை விரித்துக் கட்டியதோடு சரி. இரண்டு கோடை வெயிலில் தார்ப்பாய் நார் நாராகப் போய்விட்டது. அதன் பிறகு பெய்த மழையெல்லாம் வீட்டுக்குள்தான் பெய்தது.

மூன்று வருஷமாக, கிடைத்த சனி ஞாயிறுகளில் போய் நானே பழுது பார்த்து வருகிறேன். உடம்பு வலி ஒரு பக்கம் இருக்கட்டும். சரி செய்த இடமே அடுத்த மழைக்கு மறுபடி கெட்டுப்போவதுதான் மனசை உடைக்கும். எனக்கு அப்படி ஆன ஒவ்வொரு தடவையும் காரணம் ஒன்றுதான்: பழுது கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் வேலை செய்தேன், பழுது பிறந்த இடத்துக்குப் போகவில்லை. பழைய வீட்டில் இந்த இரண்டு இடங்களும் பல அடி தள்ளித்தான் இருக்கின்றன. அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் முதலில் எங்கே பார்ப்பது என்று எழுதுகிறேன், அப்புறம் என்ன செய்வது என்று.

தொடங்குவதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி வையுங்கள். எந்தத் தேதியில், எந்தத் திசைக் காற்றோடு மழை பெய்தது, பெய்யத் தொடங்கி எத்தனை நிமிஷத்தில் எங்கே சொட்டியது என்று எழுதுங்கள். ஒரு ஐப்பசி, கார்த்திகை முழுக்க எழுதினால் பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும். அடுத்தது, ஓட்டுக் குவியலிலோ பரணிலோ கையுறை இல்லாமல் கையை விடாதீர்கள். தேளும் பூரானும் நமக்கு முன்பே குடிவந்திருக்கும்.

கூரை ஒழுகுகிறது, ஆனால் சொட்டும் இடத்துக்கு நேர் மேலே ஓடு நன்றாக இருக்கிறது

ஓட்டுக்கடியில் நுழைந்த தண்ணீர் உடனே கீழே விழுவதில்லை. ஓட்டைத் தாங்கும் மெல்லிய குறுக்குச் சட்டமான ரீப்பர் மேல் ஏறி, அங்கிருந்து முகட்டிலிருந்து சரிவாக இறங்கும் கைமரத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கி, ஒரு கணுவிலோ ஆணித் தலையிலோ தடுக்கிய இடத்தில்தான் சொட்டும். ஆகவே சொட்டும் இடத்திலிருந்து அதே கைமரத்தைப் பிடித்து மேல் நோக்கிப் போங்கள். ஓட்டை அதற்கு மேலேதான் இருக்கும்.

நல்ல வெயில் நேரத்தில், நடு மதியம், அறையின் கதவு ஜன்னலைச் சாத்தி இருட்டாக்கிவிட்டு மேலே பாருங்கள். வெளிச்சப் புள்ளி தெரியும் ஒவ்வொரு இடத்தையும் சாக்கட்டியால் ரீப்பரில் குறியுங்கள். அதிலும் அகப்படவில்லை என்றால் தண்ணீர்க் குழாயை எடுத்துக்கொண்டு இரண்டு பேராக இறங்குங்கள். ஒருவர் உள்ளே நிற்க, மற்றவர் வெளியே தண்ணீர் விட வேண்டும். கீழே இறவாணத்தில், அதாவது கூரையின் தாழ்ந்த ஓரத்தில் தொடங்கி, ஒவ்வொரு இரண்டு வரிசை ஓட்டுக்கும் பதினைந்து நிமிஷம் விட்டுக்கொண்டே மேலே ஏறுங்கள். முகட்டில் தொடங்கினால் கூரை முழுக்க நனைந்துவிடும், எது ஓட்டை என்று ஒன்றும் தெரியாது. நான் முதல் தடவை அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இழந்தேன்.

நோட்டுப் புத்தகம் இங்கே உதவும். மழை தொடங்கிய இரண்டு மூன்று நிமிஷத்தில் சொட்டினால் ஓடு உடைந்திருக்கிறது, அல்லது நழுவியிருக்கிறது. அரை மணி கழித்துச் சொட்டத் தொடங்கினால் முகட்டு ஓட்டின் அடிக்காரையையோ, ஊறிப்போன பழைய ஓடுகளையோ சந்தேகப்படுங்கள். சும்மா பெய்யும் மழைக்கு ஒழுகாமல் காற்றோடு அடிக்கும் மழைக்கு மட்டும் ஒழுகினால், ஓடும் ஓடும் மேலேறிப் படியும் விளிம்பில் தண்ணீர் எதிர்த்து ஏறுகிறது. எங்கள் பக்கம் பெருமழை வடகிழக்குக் காற்றோடு வருவதால் வடக்கு, கிழக்குச் சரிவுகளில்தான் இது அதிகம்.

மாற்று ஓடு தேடுவது தனிப் பாடு. சீமை ஓட்டைப் புரட்டினால் பின்பக்கம் தொழிற்சாலைப் பெயரும் ஊரும் அச்சாகி இருக்கும். மங்களூரில் 1865-இல் பாசல் மிஷன் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையைப் பின்பற்றி மேற்குக் கரை முழுக்கப் பல தொழிற்சாலைகள் வந்தன. பார்வைக்கு எல்லா ஓடும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் ஒரு தொழிற்சாலை ஓட்டின் வரிப்பள்ளம் இன்னொன்றின் வரிமேட்டோடு சரியாகக் கவ்வாது. ஒரு நூல் இடைவெளி நிற்கும், அதில் சாரல் புகும். அதனால் பழைய ஓடு விற்கும் இடத்துக்குப் போகும்போது உங்கள் ஓடு ஒன்றைக் கையோடு கொண்டுபோய்ப் பொருத்திப் பாருங்கள். அதே ஓடு கிடைக்கவில்லையா, ஒரு வழி இருக்கிறது. ஒரு முழுச் சரிவின் ஓடுகளையும் இறக்கி, அதில் நல்ல ஓடுகளை எடுத்து மற்றச் சரிவுகளில் உடைந்த இடங்களை நிரப்புங்கள். காலியான சரிவுக்கு மட்டும் வேறு அச்சு ஓடுகளை முழுசாகப் போடுங்கள். கலந்து போடாதவரை எந்த அச்சும் நன்றாகவே நிற்கும்.

ஓட்டின் மேல் நேராகக் கால் வைக்காதீர்கள். ஒன்றைச் சரி செய்யப் போய் மூன்றை உடைப்பது இப்படித்தான். ஏணியைச் சரிவில் படுக்கவைத்து முகட்டில் கட்டி, அதன் மேல் ஏறுங்கள். பாசி பிடித்த ஓட்டில் ஈரத்தில் ஏறவே வேண்டாம்.

முற்றம் வைத்த வீட்டுக்கு இன்னொரு விஷயம். நான்கு சரிவும் உள்பக்கம் இறங்குவதால் முற்றத்தின் நான்கு மூலையிலும் இரண்டு சரிவுகள் சேரும் பள்ளமான கூடுவாய் இருக்கும். உள்பக்கச் சரிவுகளில் விழும் தண்ணீரில் நிறைய அந்த நான்கு வழியாகத்தான் இறங்குகிறது. அங்கே போட்ட தகடு துருப்பிடித்து ஓட்டையாகும், அல்லது வேப்பிலையும் மண்ணும் அடைத்துத் தண்ணீர் பக்கவாட்டில் ஏறும். நான் முதல் வருஷம் தகட்டின் ஓட்டைகளைத் தார் வைத்து அடைத்தேன். ஒரு மழைக்காலம் தாங்கியது, சித்திரை வெயிலில் தார் உருகி வழிந்தது. இரண்டாம் வருஷம் தகட்டையே மாற்றினேன். இரண்டு ஓரமும் மேல் நோக்கி மடித்த ஒன்றரை அடி அகலத் தகடு. அந்த மூலை அதற்குப் பிறகு ஒழுகவில்லை. கூரையில் எங்கே தொடங்குவது என்று கேட்டால், கூடுவாயில் தொடங்குங்கள் என்பேன்.

மெட்ராஸ் டெரஸ் தளத்தில் கறை, உள்ளே காரை உதிர்கிறது

கட்டைக்குத்து ஒட்டு என்றும் இதைச் சொல்வார்கள். வரிசையாக மரக்கட்டைகள், அவற்றின் மேல் மெல்லிய செங்கல்லைக் குத்துவாக்கில் குறுக்காக அடுக்கிச் சுண்ணாம்பால் ஒட்டு, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து நாள்கணக்கில் கட்டையால் அடித்து இறுக்கிய தளம், எல்லாவற்றுக்கும் மேல் தட்டோடு. தண்ணீரைத் தடுப்பது அந்தத் தட்டோடும் தளத்தின் சாய்மானமும்தான்.

முதலில் தண்ணீர் வெளியேறும் தூம்பைப் பாருங்கள். பத்துக்கு ஐந்து வீட்டில் அடைப்பு எடுத்தாலே கறை நின்றுவிடும். அப்புறம் தட்டோட்டின் இணைப்புகள். உதிர்ந்த இணைப்பைச் சுரண்டி, நீறிய சுண்ணாம்பும் செங்கல் தூளும் கலந்து அடையுங்கள். மேலே இரண்டு அங்குலம் சிமெண்டுத் தளம் போட்டுவிடலாம் என்று பலர் சொல்வார்கள். வேண்டாம். அந்த எடையை மரக்கட்டைகள் சுமக்க வேண்டும். சிமெண்டு வெடித்ததும் உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் கட்டையை ஊற வைக்கும்.

கட்டைகளில் முதலில் சாவது சுவருக்குள் புதைந்திருக்கும் முனை. சுவரை ஒட்டிய இடத்தில் திருப்புளியை வைத்து அழுத்துங்கள். அரை அங்குலம் சுலபமாக இறங்கினால் அத்தோடு நிறுத்துங்கள். அந்தக் கட்டைக்கு அடியில் முட்டு கொடுத்துவிட்டு, அறையைப் பூட்டிவிட்டு, இந்த மாதிரித் தளம் தெரிந்த கொத்தனாரையும் ஆசாரியையும் கூட்டி வாருங்கள். இது தனியாகச் செய்யும் வேலை இல்லை.

சுவரின் அடியில் பூச்சு பொரிகிறது, வெள்ளை உப்பு பூக்கிறது

எனக்கு அதிகப் பணமும் அதிக வருத்தமும் கொடுத்த அறிகுறி இது. ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் கரண்டியைத் தொடக்கூடாது.

ஈரத்தின் உருவத்தைப் பாருங்கள். சுவர் நெடுக ஒரே மட்டத்தில், இரண்டு மூன்று அடி உயரத்தில் கறை நின்றால் தரையிலிருந்து ஏறும் ஓதம். வெளிப்பக்கம் அதிகமாகவும் உள்பக்கம் குறைவாகவும், இறவாணத்துக்கு நேர் கீழே மட்டும் இருந்தால் ஓட்டுத் தண்ணீர் மண்ணில் விழுந்து தெறிப்பது. ஒரே இடத்தில் திட்டாக, வெயில் காலத்திலும் காயாமல் இருந்தால் பக்கத்தில் குழாய் கசிகிறது. சந்தேகமாக இருந்தால் ஓரடிச் சதுர பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்கும் சுவருக்கும் இடையில் நீர் கோத்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. தாளின் வெளிப்புறம் வேர்த்தால் அது அறைக் காற்றின் ஈரம். ஜன்னலைத் திறந்து வைத்தாலே போகும்.

டெல்டாவில் ஓதத்துக்கு ஒரு கணக்கு உண்டு. மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. ஆற்றில் தண்ணீர் வந்து, வாய்க்கால் நிறைந்து, சுற்றிலும் நடவு முடிந்தால் கிணற்றில் மட்டம் ஏறும். கூடவே சுவரிலும் ஏறும். அறுவடை முடிந்து மாசிக்கு மேல்தான் இறங்கத் தொடங்கும். ஆகவே சுவரின் அடிவேலையைப் பங்குனி, சித்திரையில் மட்டும் செய்யுங்கள்.

இன்னொரு காரணம் தெருவில் இருக்கிறது. பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுச் சாலை போட்டுப் போட்டு, நான்கு படி ஏறி நுழைந்த எங்கள் வீட்டுக்கு இப்போது ஒரே படி. தெருவின் மட்டம் ஏறியதும் மண் கடைக்காலை (அஸ்திவாரத்தை) மூடி, சுவரையே தொட்டுக்கொண்டு நிற்கிறது. எந்தப் பூச்சும் இதற்கு மருந்தாகாது. சுவரை ஒட்டி ஓரடி அகலத்துக்கு மண்ணை வெட்டி எடுத்து, உள்தரை மட்டத்துக்குக் கீழே இறக்கி, ஜல்லி போட்டு, தண்ணீர் ஓட ஒரு வாட்டம் வையுங்கள். கொல்லைப் பக்கம் இதைச் செய்த பிறகு ஓதத்தின் கோடு ஒரு வருஷத்தில் ஒரு சாண் இறங்கியதை நானே அளந்து பார்த்தேன்.

இப்போது பூச்சு. முதல் வருஷம் நான் பொரிந்ததைக் கொத்தி எடுத்துவிட்டு, நீர்த்தடுப்பு மருந்து கலந்த சிமெண்டை நான்கடி உயரத்துக்குப் பூசினேன். தீபாவளிக்கு அழகாக இருந்தது. மறு தீபாவளிக்குச் சிமெண்டு அப்படியே இருக்க, அதற்கு மேலே ஐந்தாவது அடியில் பழைய பூச்சு பொரிந்து கொட்டியது. அடுத்த தெருவிலிருக்கும் வயதான கொத்தனார் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, ஓதம் எங்கயாவது வேர்த்துத்தான் ஆவணும். நீங்க கீழ அடைச்சீங்க, அது மேல போய் வேர்க்குது." சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும், கெட்டிச் சிமெண்டு விடாது. பிறகு அவரிடம் கேட்டுக்கேட்டுச் செய்த முறை இது.

கறை தெரியும் மட்டத்துக்கு மேலும் ஓரடி வரை பூச்சைக் கொத்தி எடுங்கள். செங்கல்லின் இடைக்காரை உதிர்ந்திருந்தால் முக்கால் அங்குல ஆழம் சுரண்டுங்கள். உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டிக் கூட்டி அள்ளிவிடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி செங்கல்லுக்குள்தான் போகும். பிறகு சுவரை அப்படியே திறந்து போடுங்கள், முடிந்தால் ஒரு கோடை முழுக்க. வீட்டில் இருப்பவர்களுக்கு இதுதான் பொறுக்க முடியாத கட்டம். நாங்கள் அந்தக் கூடத்தில் ஒரு சித்திரை முழுக்க வெறும் செங்கல்லைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். அவசரப்பட்டால் செய்த அத்தனையும் வீண்.

நீற்றாத சுண்ணாம்பு வாங்கினால், தண்ணீரில் போட்டு நீற்றுவதில் கவனம் வேண்டும். கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வை போகலாம். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, இரும்பு டிரம்மில் முதலில் தண்ணீரை ஊற்றி, அதில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். பிளாஸ்டிக் வாளி அந்தச் சூட்டுக்கு இளகிவிடும். தண்ணீர் மூடிய நிலையில் குறைந்தது இரண்டு வாரம் ஊறட்டும். பிறகு ஒரு பங்குக்கு மூன்று பங்கு சலித்த மணல். மணலில் உப்பு இருக்கக்கூடாது. அரை அங்குலத்துக்கு மேல் ஒரே தடவையில் அப்பாதீர்கள். ஒரு பூச்சுக்கும் அடுத்த பூச்சுக்கும் நடுவே சில நாள் விட்டு, ஈரச் சாக்கு தொங்கவிட்டு மெல்லக் காயவிடுங்கள்.

முதல் பூச்சு இரண்டு வருஷத்தில் உப்பைக் குடித்து உதிரலாம். அதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சுவரிலிருந்த உப்பு அதனோடு வெளியேறுகிறது, மறுபடி பூசினால் நிற்கும். மேலே சுண்ணாம்பு வெள்ளையே அடியுங்கள். பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் மூன்று மாதத்தில் கொப்பளம் போடும்.

மரத்தடியில் மாவு, அல்லது சுவரில் மண் கோடு

இரண்டும் வேறு வேறு. உத்திரத்தின் கீழே பவுடர் மாதிரி மாவு உதிர்ந்து, மரத்தில் குண்டூசித் தலை அளவு ஓட்டைகள் இருந்தால் அது உளு, மரத்தைத் துளைக்கும் வண்டு. பென்சில் தடிமனில் மண் கோடு ஏறினால் கரையான். உளு காய்ந்த மரத்தையும் தின்னும். கரையானுக்கு ஈரமும் மண்ணோடு தொடர்பும் வேண்டும்.

மண் கோட்டை நடுவில் ஒரு விரல் நீளம் உடைத்துவிட்டு ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். திரும்பக் கட்டியிருந்தால் உயிரோடு இருக்கிறது. கட்டாவிட்டாலும் வேறு வழியில் போகிறதா என்று மற்ற சுவர்களையும் பாருங்கள். உளுவுக்கு மாவைக் கூட்டிவிட்டுக் கீழே கறுப்புத் தாள் விரித்து வையுங்கள். புது மாவு விழுந்தால் வண்டு வேலை செய்கிறது. விழாவிட்டால் நீங்கள் பார்ப்பது பழைய கதை, மருந்து வாங்கிச் செலவு செய்ய வேண்டாம்.

வைரம் பாய்ந்த பனங்கையும் நல்ல தேக்கும் சுலபத்தில் போகாது. மேல் தோல் மட்டும் உளுத்து உள்ளே கெட்டியாக இருந்தால் சுரண்டிவிட்டு மருந்து தடவினால் போதும். தட்டிப் பார்த்தால் 'டொக்கு' என்று கேட்கும் இடத்தைத் திருப்புளியால் குத்தி ஆழம் பாருங்கள். கரையானுக்குக் கடைக்காலை ஒட்டி மண்ணில் மருந்து இறக்குவது, பக்கத்திலேயே குடிநீர்க் கிணறு உள்ள வீட்டில் நாமாகச் செய்யக்கூடிய காரியம் இல்லை. பழைய ஆயில், மண்ணெண்ணெய் தடவும் பழக்கம் உண்டு. பழைய வயர் ஓடும் உத்திரத்தில் அதைச் செய்தால் நெருப்புக்கு நாமே திரி வைத்த மாதிரி.

எதைச் செய்தாலும் அந்த மரத்துக்கு ஈரம் வரும் வழியை அடைக்காவிட்டால் கரையான் திரும்பி வரும். எங்கள் வீட்டில் நிலைக்காலைத் தின்ற கரையான், குளியலறைக் கசிவை நிறுத்திய பிறகுதான் நின்றது.

கதவு சாத்தவில்லை

மழைக்காலத்தில் மட்டும் பிடித்து, தை மாசியில் தானே சரியாகிவிட்டால் மரம் ஈரத்தில் ஊதுகிறது. கார்த்திகையில் கோபத்தோடு இழைப்புளியை எடுத்தால், சித்திரையில் விரல் நுழையும் சந்து தெரியும். காயும் வரை பொறுத்திருந்து, பட்ட தடம் உள்ள இடத்தை மட்டும் லேசாக இழைத்து, மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் பெயிண்டோ எண்ணெயோ கொடுங்கள். மரம் தண்ணீர் குடிப்பது அந்த இரண்டு விளிம்பிலும்தான். பெரும்பாலான கதவுகளில் அங்கே ஒருபோதும் பெயிண்ட் பட்டிருக்காது.

கீல் இல்லாமல், மேலும் கீழும் நீட்டிய மர முனையான குடுமியில் சுழலும் பழைய கதவு தரையை உரசினால், குடுமியின் அடி தேய்ந்திருக்கிறது. கடப்பாரையால் கதவைக் கொஞ்சம் நெம்பித் தூக்கி, குடுமிக்குழியில் ஒரு கெட்டி இரும்பு வாஷரைப் போட்டு இறக்குங்கள். இதற்கு இரண்டு ஆள் கட்டாயம் வேண்டும். அந்தக் கதவுகள் பார்ப்பதைவிட எடை அதிகம். மேல் குழியில் இரண்டு சொட்டு விளக்கெண்ணெய் விட்டால் கீச்சுச் சத்தமும் போய்விடும்.

கதவு வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக மோசமானால், தூக்குக்குண்டு விட்டு நிலையைப் பாருங்கள். நிலை சாய்ந்திருந்தால் கதவை விட்டுவிட்டுக் கடைசியில் உள்ள விரிசல் பகுதிக்குப் போங்கள்.

ஜன்னல் கம்பி, கதவுகளின் பழைய பெயிண்டைக் காய்ந்த உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற வரம்பு இங்கே 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயிண்டின் தூசியில் ஈயம் இருக்கக்கூடும், குழந்தைகளின் மூளையை அது பாதிக்கும். நனைத்துத் தேயுங்கள், வழிந்ததை ஈரத் துணியால் துடைத்து எடுங்கள், பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

ஃபியூஸ் போகிறது, சுவர் ஷாக் அடிக்கிறது

இந்தப் பகுதியில் நான் சொல்வதெல்லாம் கண்டுபிடிப்பது வரைதான். சரி செய்வதை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீசியனிடம் விடுங்கள். மரக் கேசிங்குக்குள் ஓடும் பழைய ரப்பர் வயர், தொடாதவரை வேலை செய்துகொண்டிருக்கும். ஒரு சுவிட்சை மாற்றலாம் என்று வளைத்தால் ரப்பர் பிஸ்கட் மாதிரி நொறுங்கி வெறும் செம்பு தெரியும். அப்படி நொறுங்கினால் அந்த லைன் முழுவதையும் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

டெஸ்டர் எரியவில்லை என்பதை மட்டும் நம்பிக் கையை வைக்காதீர்கள். முதலில் கரண்ட் இருக்கிறது என்று தெரிந்த பிளக்கில் டெஸ்டரைச் சோதித்து, பிறகு சந்தேகமான இடத்தில், பிறகு மறுபடி முதல் இடத்தில் சோதியுங்கள். பழைய வீட்டில் வயரின் நிறத்தையும் நம்ப முடியாது. எங்கள் வீட்டுக் கூடத்தில் ஃபேஸும் நியூட்ரலும் இரண்டுமே கறுப்பு.

மழை நாளில் சுவரைத் தொட்டால் சுருக்கென்றால் மெயினை இறக்குங்கள், ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம். ஈரச் சுவரும் விரிசல் விட்ட வயரும் சந்தித்துவிட்டன. மூன்று ஃபேஸ் உள்ள வீட்டில் சில விளக்குகள் கண் கூசும்படி எரிந்து மற்றவை மங்கினால் நியூட்ரல் அறுந்திருக்கிறது. உடனே மெயினை இறக்காவிட்டால் ஃபிரிட்ஜும் டிவியும் புகைந்துவிடும். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று கேரியரில் கம்பியை இரட்டையாக முறுக்கி வைப்பது வயரையே ஃபியூஸாக ஆக்குவது. கம்பி தாங்கிக்கொள்ளும், கேசிங்குக்குள் வயர் எரியும்.

வேறு எதற்குப் பணம் இல்லாவிட்டாலும் கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றை முதலில் வையுங்கள். வைத்ததும் அது அடிக்கடி விழும், எல்லோரும் அதைக் கழற்றச் சொல்வார்கள். கழற்றாதீர்கள். ஒவ்வொரு லைனுக்கும் உள்ள பாதுகாப்பு சுவிட்சான எம்.சி.பி. எல்லாவற்றையும் இறக்கிவிட்டு ஒவ்வொன்றாக ஏற்றுங்கள், எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த லைனில் கசிவு. எல்லாம் இறங்கியிருக்கும்போதே விழுந்தால், ஏதோ ஒரு லைனின் நியூட்ரல் ஈரச் சுவரையோ எர்த்தையோ தொடுகிறது. சாதாரண எம்.சி.பி. ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கும் என்பதால் நியூட்ரலில் உள்ள கசிவு அப்படியே நிற்கும். இந்த ஒரு வரியை எலக்ட்ரீசியனிடம் சொன்னால் அவருக்கு அரை நாள் மிச்சம்.

குழாயில் தண்ணீர் வரவில்லை, மோட்டார் ஓடியும் ஏறவில்லை

ஒரு குழாயில் மட்டும் குறைந்தால் அந்தக் குழாயின் வாயிலோ வாஷரிலோ அடைப்பு. எல்லாவற்றிலும் குறைந்தால் தொட்டியிலிருந்து இறங்கும் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் உள்ளே உப்பும் துருவும் படிந்து சுருங்கியிருக்கும். காலையில் முதல் தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்தால் இதுவேதான். ஜி.ஐ. பைப்பில் ஒரு மூட்டைத் திருகினால் இரண்டடி தள்ளி இன்னொரு மூட்டு ஒடியும். எனக்கு மூன்று தடவை ஒடிந்தது. ஒரு மூட்டைத் தொடுவதற்கு முன் அந்த வரி முழுவதையும் மாற்றும் பொருளும் நேரமும் கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு தொடங்குங்கள், அதுவும் கடை திறந்திருக்கும் சனிக்கிழமைக் காலையில்.

மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் இல்லை என்றால், உறிஞ்சு குழாயின் அடியில் தண்ணீரைத் திரும்ப இறங்க விடாமல் தடுக்கும் ஃபுட் வால்வு பெரும்பாலும் பிடிக்கவில்லை. மோட்டாரில் தண்ணீர் ஊற்றி நிரப்பி (பிரைம் செய்து) நிறுத்திவிட்டுக் கால் மணி கழித்துப் பாருங்கள், மட்டம் இறங்கியிருந்தால் உறுதி. தண்ணீர் மட்டம் மோட்டாருக்குக் கீழே 25 அடியைத் தாண்டினால் சாதாரண உறிஞ்சு மோட்டார் இழுக்காது, கோடையில் இதுதான் காரணமாக இருக்கும். 'ம்ம்' என்று முனகுகிறது, சுழலவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். பல வருஷம் ஓடாமல் உள்ளே இறுகியிருக்கும், அல்லது மோட்டாரைச் சுழலத் தொடங்க வைக்கும் கண்டன்சர் போயிருக்கும். கரண்டைத் துண்டித்துவிட்டு ஃபேனைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுலபமாகச் சுற்றினால் கண்டன்சர். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சருக்குள் கரண்ட் நிற்கும், அதன் முனைகளைத் தொடாதீர்கள்.

சுவரில் விரிசல்

பூச்சில் மட்டும் தலைமுடி போல ஓடுவதை விட்டுவிடுங்கள். ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு மாதிரி செங்கல் இணைப்பு வழியாகச் சாய்வாக ஏறுவது கடைக்கால் இறங்குவதன் அடையாளம். பழைய கட்டும் பின்னால் சேர்த்த கட்டும் சேரும் இடத்தில் நேர்க்கோடாக நிற்பது பெரும்பாலும் ஆபத்தில்லாதது. கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தால் பிடுங்காதீர்கள். நான் பிடுங்கினேன், இரண்டு செங்கல் கூடவே வந்தது, வேர் உள்ளேயே நின்று ஆறு மாதத்தில் மறுபடி துளிர்த்தது. வெட்டிய இடத்தில் பெருங்காயம் வைக்கச் சொல்வார்கள், வைத்தேன், எனக்குப் பலிக்கவில்லை. வேர் போன வழியெல்லாம் செங்கல்லை ஒவ்வொன்றாக எடுத்து, வேரை முழுசாக உருவிவிட்டு, சுண்ணாம்புக் காரையில் திரும்பக் கட்டியதுதான் நின்றது.

மற்ற விரிசல்களுக்கு முதலில் தெரிய வேண்டியது அது இன்னும் நகர்கிறதா என்பது. மெல்லிய கண்ணாடிச் சில்லு ஒன்றை விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரண்டு முனையையும் சுவரில் அழுத்தமாக ஒட்டி, தேதியை எழுதுங்கள். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கடக்க வேண்டும், அதற்குள் அடைக்காதீர்கள். உடைந்தாலோ, விரிசல் ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் அகன்றாலோ, சுவர் தூக்குக்குண்டுக்கு ஒத்துவராமல் சாய்ந்திருந்தாலோ கட்டிடப் பொறியாளர் வந்து பார்க்கும் வரை அந்த அறையில் படுக்க வேண்டாம்.

எங்கள் வீட்டுத் தெற்குச் சுவரில் இரண்டு வருஷம் முன்பு ஒட்டிய மூன்று சில்லுகளில் இரண்டு முழுசாக இருக்கின்றன. அந்த இரண்டு இடங்களை வரும் பங்குனியில் சுண்ணாம்பால் அடைக்கப் போகிறேன். மூன்றாவது போன கார்த்திகையில் உடைந்தது. அதற்கு நேர் கீழே வெளியே தோண்டிப் பார்த்தபோது, முற்றத்துத் தண்ணீர் போகும் பழைய மண் குழாய் உடைந்து கடைக்காலுக்கடியில் ஊறிக்கொண்டிருந்தது. குழாயை மாற்றியாயிற்று. அதே இடத்தில் புதுச் சில்லு ஒட்டித் தேதி எழுதியிருக்கிறேன்.